பிளேஸ்டோ மொழியில் ஒரு கண்காட்சி

"உன் பழைய வேலை காலியாக இருக்கிறது. வந்து சேர்ந்துகொள்" என்று நெல்லி தொலைபேசியில் சொன்னபோது, நான் பெரம்பூர் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய வேலை என்னவென்றால், நெல்லிக்கு வாயாக இருப்பது.

முப்பது வருடங்களுக்கு முன்னால் நெல்லி ஹாப்வுட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சென்னைக்கு வந்து, ஓவிய மாணவர்களுக்குச் சில வாரங்கள் அச்சோவியம் சொல்லிக்கொடுத்தார். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, மை தடவித் துடைத்து, உருளைக்கு அடியில் கொடுத்து ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கிற வித்தை. மாணவர்களுக்கு ஆங்கிலம் தகராறு. நெல்லிக்குத் தமிழ் சுத்தமாக வராது. நடுவில் நிற்பதற்கு, பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

முதல் நாள் அவர் பெயரை நான் சொன்னதும் பின்வரிசை சிரித்தது. ஏன் என்று கேட்டார். மறுநாள் ஒரு நெல்லிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடித்தார். முகம் கோணிக்கொண்டது. தண்ணீர் குடித்ததும் கண் விரிந்தது. "எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்திருக்க முடியாது" என்றார். அன்று முதல் தன் ஒவ்வொரு அச்சிலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நெல்லிக்காய் போடுகிறார்.

அவர் படங்களில் தேநீர்க் கெண்டிக்கு முழங்கால் இருக்கும். பேருந்துக்குள்ளே மழை பெய்யும், வெளியே வெயில் காயும். சர்ரியலிசம் என்று இதற்குப் பெயர். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அவங்க கண்ணுக்கு அப்படித் தெரியுதாம்" என்று அன்றைக்குச் சொல்லிச் சமாளித்தேன். இன்றுவரை அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அவருக்கு எண்பத்தேழு வயது. பெரிய கலைக்கூடம் ஒன்றில் அவருக்கென்று தனியாக ஒரு கண்காட்சி, ஆயுளில் முதல் தடவையாக. போகாமல் இருக்க முடியுமா?

லண்டனில் இறங்கியதும் செய்த முதல் காரியம் தூங்கியது. விமான நிலைய ஊழியரிடம், நெல்லி குடியிருக்கிற "பிளேஸ்டோ" பகுதிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பிளாஸ்டோ" என்று திருத்தி, எலிசபெத் லைனில் ஏறு, வழியில் மாறு என்றார். ஏறினேன். மாறவில்லை. நம் ஊர் மின்சார ரயிலில் தூங்கினால் எழுப்பிவிட நாலு பேர் இருப்பார்கள். இங்கே எல்லோரும் நான் தூங்குவதைக் கவனிக்காத மாதிரி நாகரிகமாக நடந்துகொண்டார்கள். கண் விழித்தபோது, மாற வேண்டிய நிலையத்தைத் தாண்டி இல்ஃபோர்ட்.

நடைமேடையில் ஒரு பெண் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். "ஓமடி, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி லீவு எடுத்திட்டன். இப்ப சாறி பாக்கத்தான் வாறன்." தமிழைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் போய் "நீங்க தமிழா?" என்று கேட்டேன். அவள் முகம் வெளிறிவிட்டது. மேலதிகாரியின் உளவாளி என்று நினைத்துவிட்டாள் போல. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, என்னிடமிருந்த எண்ணைப் பார்த்து ஜெகன் அண்ணனுக்கு அவளே போன் போட்டுக் கொடுத்தாள்.

ஜெகன் அண்ணன் நெல்லியின் அடுத்த வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர். வீடுகளுக்கு வெந்நீர்க் கொதிகலன் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். நான் தங்கப்போவது அவரும் மனைவி வதனியும் இருக்கிற வீட்டில்தான். குழாய்களும் சாவிகளும் குலுங்குகிற வேனில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்.

"நித்திரை கொண்டாலும் எங்கட ஆக்கள் இருக்கிற இடத்திலதான் முழிச்சிருக்கிறியள், தங்கச்சி. அது காணும், போதும்" என்றார்.

நெல்லியோடு எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். வேனை ஓட்டிக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். நெல்லி நாற்பது வருடத்துக்கும் மேலாக மாலை நேர வகுப்புகளில் அச்சோவியம் கற்பித்தவர். ஒருநாள் அந்த வகுப்பையே மூடிவிட்டார்கள். அச்சு இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெல்லி அதை வீட்டுக்குக் கேட்டு வாங்கிவிட்டார். கொண்டுவந்தவர்கள் தவறுதலாக ஜெகன் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"விடிய வேலைக்குப் போகக் கதவைத் திறக்கிறன், கதவு திறபடுதில்லை. யன்னலால எட்டிப் பாத்தா, யானை மாதிரி ஒரு மிசின். பெரிய சில்லு, நடுவில உருளை. இது ஆருக்கோ இடியப்பம் பிழியிற மிசினாக்கும் எண்டு வதனியிட்டச் சொன்னன்."

பிறகு அவரே நாலு பேரைக் கூட்டி, நெல்லி வீட்டு முன் ஜன்னலைக் கழற்றி, அதை உள்ளே ஏற்றிக் கொடுத்தாராம். ஜன்னலைத் திரும்பப் பொருத்தியபோது கொஞ்சம் கோணலாகிவிட்டது. நேராக்கித் தருகிறேன் என்றதற்கு நெல்லி சம்மதிக்கவில்லை. தெரு இப்போதுதான் சரியாகத் தெரிகிறது என்றாராம்.

மறுநாள் காலையில் வதனி இடியப்பமும் சொதியும் கொடுத்து அனுப்பினாள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, எந்நேரமும் ஷிப்ட். நெல்லியின் முன்னறையில் நாற்காலி கிடையாது. அறை முழுக்க இயந்திரம். விருந்தாளிகள் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். நான் இரண்டாம் படியில், நெல்லி நாலாம் படியில். இன்னும் குள்ளமாகியிருந்தார். கை லேசாக நடுங்கியது. கண் மட்டும் அதே திருட்டுக் கண்.

"இதைப் படி" என்று சில தாள்களை என் மடியில் போட்டார்.

கலைக்கூடத்துப் பொறுப்பாளர் ரூபர்ட் எழுதிய விளக்கங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் சுவரில் மாட்டப்படுபவை. மழை பெய்யும் பேருந்துப் படத்துக்கு, "குழந்தையற்ற மணவாழ்வின் உறைந்த துயரம்" என்று ஆரம்பித்து ஒரு பத்தி போகிறது.

"இது உண்மையா?" என்று கேட்டேன்.

"டெட் கண்டக்டரா இருந்தார். அவர் போற பஸ்ல கூரை ஒழுகும். ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால டிக்கெட் கொடுத்தார். அவ்வளவுதான்." டெட் என்பது அவர் கணவர், காலமாகிவிட்டார். "உறையவெல்லாம் இல்ல. நல்லா ஈரமாத்தான் இருந்தார்."

நெல்லியின் ஆங்கிலத்தை நான் இப்படித்தான் மொழிபெயர்ப்பேன். முப்பது வருடப் பழக்கம், மாற்றிக்கொள்ள முடியாது.

"எனக்குக் கோபம் அது தப்புங்கறதுக்காக இல்ல" என்றார். "இத்தனை வருஷமா யாரும் என் படத்தைப் பார்க்கல. இப்ப பார்க்க வர்றவங்களும் நேரா சுவத்துல எழுதினதைப் படிப்பாங்க, படத்துக்கு ஒரு தலையாட்டிட்டு ஒயின் எங்கேன்னு தேடுவாங்க. விளக்க அட்டைகளை என் கையாலேயே அச்சடிச்சுத் தர்றேன்னு ரூபர்ட்கிட்ட கேட்டிருக்கேன். அந்தப் பையன் உருகிப்போயிட்டான்."

"நல்லதுதானே? என்ன அச்சடிக்கப் போறீங்க?"

"அதுக்குத்தான் உன்னை வரவழைச்சேன். எல்லாத்தையும் தமிழ்ல எழுது."

நான் படியிலிருந்து சறுக்கிக் கீழ்ப்படிக்கு வந்துவிட்டேன்.

ஜெகன் அண்ணனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. மதியம் வேலைக்கு நடுவில் சாப்பிட வந்தவர், சோற்றில் கையை வைத்தபடி கத்தினார். "அந்த மனுசிக்கு விசரே, பைத்தியமே? சீவியத்தில முதல்தரம் ஒரு இடம் குடுத்திருக்கிறாங்கள். அவன் கோவிச்சுக்கொண்டு எல்லாத்தையும் கழட்டினா என்ன செய்யிறது? இன்னொருக்கா ஆர் கூப்பிடுவான், எண்பத்தேழு வயசில? தங்கச்சி, நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"அவ அவவின்ர படத்துக்கு என்னத்தையும் எழுதுவா. உங்களுக்கென்ன?" என்றாள் வதனி.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்க்குச் சொந்தக்காரர் நெல்லி அல்லவா.

அடுத்த நாள் நெல்லி என்னைப் பை அண்ட் மேஷ் கடைக்கு அழைத்துப் போனார். இறைச்சி அடைத்த ஒரு அப்பம், மசித்த உருளைக்கிழங்கு, மேலே பச்சை நிறத்தில் ஒரு குழம்பு. பச்சையைப் பார்த்ததும் கொத்தமல்லிச் சட்னியாக்கும் என்று நம்பி ஒரு கரண்டி நிறைய வாயில் போட்டேன். உப்புகூட வழி தவறிப் போகிற மாதிரி ஒரு சாந்தம். வதனி தன் அனுபவத்தால் ஒரு சின்னப் புட்டியில் மிளகாய்த்தூள் கொடுத்து அனுப்பியிருந்தாள். நான் மேசைக்கு அடியில் வைத்துத் திறந்தேன். நெல்லி மேசைக்கு மேலேயே கையை நீட்டினார்.

அங்கேதான் தன் வாழ்க்கையைச் சொன்னார். நான் மனதில் குறித்துக்கொண்டேன். அப்பா விலாங்கு மீன் விற்றவர். பதினாலு வயதில் ஜாம் புட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் வேலை. அங்கே ஒருநாள் ஸ்ட்ராபெரிக்குப் பல் வரைந்துவிட்டார். யாரும் கவனிக்காமல் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. வேலை போயிற்று. அச்சக முதலாளி வெளியே தள்ளும்போது, இவளை ஓவியப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாராம்.

ஓவியப் பள்ளி முடிந்ததும் கனவுகளை வரைகிற இளைஞர்கள் குழு ஒன்றில் சேர்ந்தார். தளைகளை எல்லாம் உடைப்போம் என்று ராப்பகலாகப் பேசுவார்களாம். பேசிப் பேசித் தொண்டை வறண்டதும் நெல்லியைப் பார்ப்பார்களாம், தேநீர் போடச் சொல்லி. ஒரு வருடம் போட்டார். பிறகு ஒரு தகட்டில் கெண்டியொன்றை வரைந்தார். அதன் மூக்கிலிருந்து அந்த இளைஞர்களின் தலைகள் ஒவ்வொன்றாகக் கோப்பையில் விழுகின்றன. தாடி, கண்ணாடி, எல்லாம் அச்சு அசலாக. மறு கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. அவர்கள் பெரிய ஆட்கள் ஆனார்கள். நெல்லி மாலை வகுப்பில் நர்சுகளுக்கும் பஸ் டிரைவர்களுக்கும் கனவு காணச் சொல்லிக்கொடுத்தார்.

"வருத்தமா இருந்ததா?" என்றேன்.

"இருந்துச்சு. ஆனா நர்ஸ்களோட கனவை நீ கேட்டதில்ல. அந்தப் பசங்க எல்லாம் பக்கத்துல வர முடியாது."

பிறகு வந்த நாட்கள் எல்லாம் வேலைதான். அவர் ஒவ்வொரு படத்தின் கதையையும் சொல்லச் சொல்ல, நான் ஒரு அட்டைக்குப் போதுமானபடி சுருக்கித் தமிழில் மெல்லிய தாளில் எழுதுவேன். தகட்டில் இருப்பது அச்சில் இடவலம் மாறி விழும் என்பதால், அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தெரிகிற எழுத்தை நெல்லி ஊசியால் தகட்டில் வரைவார். ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. 'ஞ' கர்ப்பமான நத்தை என்றார். 'ஔ'வைக் கண்டதும் ஊசியை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கை நடுக்கம் எழுத்துகளிலும் ஏறியது. தண்ணீருக்கு அடியில் இருந்து படிப்பதுபோல் அவை அலைந்தன. நான் என்ன எழுதினேன் என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை.

முதல் அட்டையை அழுத்தி எடுக்க இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எனக்கு வலு போதவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜெகன் அண்ணன் உள்ளே வந்தார். "நான் இதுக்கு உடன்பாடில்லை" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் வேலையிலிருந்து நேரே வந்து, உடன்பாடில்லாமலேயே எல்லா அட்டைகளையும் சுற்றிக் கொடுத்தார்.

கண்காட்சி திறப்பு நாள். வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் ஜெகன் அண்ணன். நெல்லி ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில்தான் வருவேன் என்று அடம். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்தோம். பாதி வழியில் ஒலிபெருக்கிப் பெண்குரல், இந்தப் பேருந்து போகுமிடம் மாறிவிட்டது, அடுத்த நிறுத்தத்தோடு சரி என்றது. சென்னையில் இப்படிச் சொன்னால் கண்டக்டர் சட்டை கிழிந்திருக்கும். இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டபடி வரிசையாக இறங்கினார்கள். "போன வாரமும் இதேதான்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னதுதான் அதிகபட்சப் புரட்சி.

அடுத்த பஸ் வர நேரமாயிற்று. நான் தவித்துக்கொண்டிருந்தேன். நெல்லி நிழற்குடையில் உட்கார்ந்து மிட்டாய் உரித்துக்கொண்டிருந்தார். "வேன்ல போயிருந்தா நேரத்துக்குப் போயிருப்போம்" என்றார். "ரூபர்ட்டுக்கு அட்டையை மாத்தறதுக்கு அவகாசம் கிடைச்சிருக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒயின் கோப்பைகளை அடுக்கி முடித்திருந்தார்கள். ரூபர்ட் உயரமான, மென்மையான இளைஞர். கோடைக்காலத்திலும் கழுத்தில் சால்வை. எங்களைக் கண்டதும் ஓடி வந்து பெட்டியைத் திறந்தார். முதல் அட்டையைப் பார்த்தார். தலைகீழாக்கிப் பார்த்தார். இரண்டாவது அட்டையை எடுத்தார். அவர் முகம் வெளுத்தது எனக்கே தெரிந்தது.

"நெல்லி, இதெல்லாம் என்ன?"

"விளக்கங்கள்."

"என்ன மொழியில்?"

"பிளேஸ்டோ மொழி" என்றார் நெல்லி.

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ரூபர்ட் தன் பழைய தாள்களைத் தேடி உள்ளறைக்கு ஓடினார். பாதி தூரத்தில் வாசலைப் பார்த்து நின்றார்; இனி நேரமில்லை. திரும்பி வந்தார். பிசின் நாடாவை எடுத்து அட்டைகளை ஒட்ட ஆரம்பித்தார். முதல் அட்டையைத் தலைகீழாக ஒட்டினார்; நான் திருப்பி ஒட்டினேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவருக்கும் இது முதல் பெரிய கண்காட்சி என்று பிறகுதான் தெரிந்தது.

வந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார்கள். நெல்லி மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துக்குள் பெய்யும் மழையின் முன்னால் ஒரு கிழவர் அசையாமல் நின்றார். நானும் அங்கேயே நின்றேன்.

அப்போதுதான் வதனி வந்தாள். கோயில் தோழிகள் ஐந்தாறு பேர், எல்லோரும் பட்டுச் சேலை, பூ, சந்தனப் பொட்டு. பின்னால் ஜெகன் அண்ணன் கோட் அணிந்து, யாராவது சண்டைக்கு வந்தால் மறிப்பதற்குத் தயாராக. தோழிகள் நேரே அட்டைகளுக்குப் போய் உரக்கப் படித்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

அறையே திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் ஓடி வந்து, "உங்களுக்கு இது படிக்க வருமா? என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

வதனி கெண்டிப் படத்தைக் காட்டி, தன் ஆங்கிலத்தில் சொன்னாள். "இவங்கள் எல்லாரும் சோம்பேறிகள். நல்லாக் கதைப்பாங்கள், தேத்தண்ணி போட மாட்டாங்கள். அதால இவ இவங்களையே போட்டுக் குடிச்சிட்டா." கடைசி வாக்கியம் நான் எழுதியதல்ல. ஆனால் எனக்குத் திருத்தத் தோன்றவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தோழியைச் சுற்றியும் ஒரு கூட்டம். ஒரே அட்டைக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி, அவர்களுக்குள் சண்டை வந்தது. கேட்டவர்கள் யார் சொல்வது சரி என்று படத்துக்குள் தேடினார்கள். ஒயின் அப்படியே இருந்தது. ரூபர்ட் கொஞ்சநேரம் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வதனியிடம் வந்தார். சனிக்கிழமையும் நீங்கள் எல்லோரும் வர முடியுமா என்று கேட்டார்.

"சனிக்கிழமை ஏலாது தம்பி, எனக்கு ஷிப்ட்" என்றாள் வதனி.

கடைசிச் சுவரில் மிகச் சிறிய படம் ஒன்று இருந்தது. வெறும் ஆகாயம். அதில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு தகரக் குளியல் தொட்டி தொங்குகிறது. சுவர் இல்லை, வீடு இல்லை. ரூபர்ட் இதற்குத்தான் மிக நீளமாக எழுதியிருந்தார். என் அட்டைதான் எல்லாவற்றிலும் சிறியது. நெல்லி இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார்.

வதனி வழக்கம்போல உரக்கப் படித்தாள். "போர்க்காலம். எங்கள் தெருவில் குண்டு விழுந்தது. பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து பார்த்தோம். வீடு போய்விட்டது. ஒரு சுவர் மட்டும் நின்றது. அதில் நாங்கள் குளிக்கிற தகரத் தொட்டி ஆணியில் அப்படியே தொங்கியது. நான் சிரித்தேன். அம்மா என்னை அறைந்தாள்."

சுற்றி நின்றவர்கள் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தார்கள். வதனி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் பேசினாள். தமிழில்தான்.

"எங்கட வீட்டில செல் விழுந்தது, அக்கா. பங்கருக்குள்ளயிருந்து வெளியில வந்து பாத்தம். கூரை இல்லை. குசினிச் சுவர் இல்லை. அடுப்பில புட்டுப் பானை மட்டும் அப்பிடியே இருக்குது, ஆவி பறக்குது. நானும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரிச்சம். அம்மா எனக்கு ஓங்கி ஒண்டு போட்டவ."

"இத நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் ஜெகன் அண்ணன்.

"அழுத கதையெண்டாச் சொல்லலாம். சிரிச்ச கதைய ஆரிட்டச் சொல்லுறது?"

நெல்லி நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல நடந்து எங்கள் பக்கம் வந்திருந்தார். "என்ன சொல்றா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல். புட்டு என்றால் என்ன என்று மட்டும் விளக்கினேன். நெல்லி கடைசிவரை கேட்டார். வதனியின் முகத்தைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

"அந்தப் புட்டு வெந்திருந்ததான்னு கேளு."

கேட்டேன்.

"ஓம்" என்றாள் வதனி. "நல்லா வெந்திருந்தது. சாப்பிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள்."

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நெல்லி சிரித்தார். வதனியும் சிரித்தாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். மற்றவர்கள் எல்லோரும், தாங்களும் சிரிக்கலாமா என்று தெரியாமல், என்னைப் பார்த்தார்கள்.